"நான் தொடேல்ல அன்ரி"

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்,

மிதிவெடி எப்படித் தேடுவது, எப்படி எடுப்பது என்று நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்லித்தரப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தேன். என் மனுசன் களப்பில் வலை வீசுகிறவர். பிள்ளைகளை வளர்க்க வேண்டுமென்று இந்த வேலைக்கு வந்தேன். முழங்காலில் நின்று மண்ணைச் சுரண்டியே இளமை போனது. ஒவ்வொரு நாளும் மாதாவை மன்றாடிவிட்டுத்தான் மிதிவெடி வயலுக்குள் இறங்கினேன். கையும் காலும் கண்ணும் குறையாமல் வீட்டுக்கு வந்து ஓய்ந்திருக்கிறேன். அதற்கு ஆண்டவருக்குத் தோத்திரம்.

காலையில் வரிசையாக நின்று பாதுகாப்பு உறுதிமொழி சொல்கிறீர்கள் அல்லவா? நானும் சொன்னேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வயலுக்குள் ஒவ்வொருவரும் தன் பாதையில் தனியாகத்தான் இருப்பார். மேற்பார்வையாளர் எந்த நேரமும் முதுகுக்குப் பின்னால் நிற்க மாட்டார். கண்ணாடி போன்ற முகக்கவசத்தை இறக்கி விடுவதும், வெயிலுக்குத் தூக்கி விடுவதும் உங்கள் மனச்சாட்சிக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். நான் சேர்ந்த காலத்தில் எங்களோடு இருந்த பெண்ணொருத்தி கவசத்தை அடிக்கடி தூக்கினாள். அதை எங்கள் பொறுப்பாளர் தூரத்திலிருந்து கண்டுவிட்டார். அவர் கோபக்காரர், அன்றைக்கு அவளை வேலையை விட்டே நிறுத்தப் போகிறார் என்று நாங்கள் பயந்தோம். அவர் வந்து அவளை நிழலுக்குக் கூட்டிப்போய், "ஏன் பிள்ளை தூக்கினனீர்?" என்று மட்டும் கேட்டார்.

"கவசம் முழுக்கக் கீறல் ஐயா. மண்ணில என்ன கிடக்குதெண்டே தெரியேல்ல. தூக்கினாத்தான் தெரியுது."

எங்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்தது. தூக்கியும் இருந்தோம். அதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கிழமையே எல்லோருக்கும் புதுக் கவசம் வந்தது. அந்த மனிதர் பிறகு எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஏச்சு விழுந்தா வாய் மூடிப் போகும். வாய் மூடினா வெடி மண்ணுக்குள்ள இருந்திடும்." அப்போது அது எனக்கு ஒரு நல்ல சொல்லாக மட்டும் பட்டது. அதன் அர்த்தம் உடம்பில் ஏறியது பின்னொரு நாள்.

புளியங்குளத்திலிருந்து கிழக்கே போகும் வீதியில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். பெயர் வேண்டாம். யுத்தம் முடிந்து சனம் திரும்பி வந்து குடியேறி, வீட்டுத்திட்ட வீடுகள் அரைகுறையாக எழும்பி நின்ற காலம். நாங்கள் அங்கிருந்து தள்ளியிருந்த காட்டுப் பக்கத்தில் வேலை செய்தோம். வேலையில்லாத நேரங்களில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய், வெடிபொருளைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். கடைசியில் உறுதிமொழி எடுக்க வைப்போம். வலது கையை நீட்டி, "இனந்தெரியாத பொருளைத் தொடமாட்டேன், கண்டால் உடனே அறிவிப்பேன்" என்று அந்தப் பிள்ளைகள் தேவாரம் போல ஒரே குரலில் சொல்வார்கள். கேட்க அவ்வளவு சந்தோசமாக இருக்கும். எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு திரும்புவோம்.

பள்ளிக்கூடத்தில் பாதுகாப்பு வாரம் என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். நல்ல கண்காட்சி வைக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பரிசும் உண்டு. என்னையும் என்னோடு வேலை செய்த ஜெனிற்றாவையும் விருந்தினராகக் கூப்பிட்டார்கள். மாலை போட்டு, பொட்டு வைத்து, முன் கதிரையில் இருத்தினார்கள். ஜெனிற்றா என் காதுக்குள், "அக்கா, எங்களுக்குக் கலியாணத்துக்கும் இவ்வளவு மாலை விழேல்ல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் மண்டபத்துக்குள் போனோம்.

தகரக் கூரை போட்ட சின்ன மண்டபம். உள்ளே பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். நடுவில், பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகளைச் சேர்த்து மேசையாக்கி, மணல் பரப்பி, குளத்துக் களிமண்ணில் செய்த மிதிவெடிகளை அடுக்கியிருந்தார்கள். பச்சையும் மண்ணிறமுமாகத் தீந்தை பூசி, ஒவ்வொன்றின் முன்னாலும் அழகாகப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். விளக்கம் சொல்ல நின்றவள் தர்சிகா என்ற பிள்ளை. ஒன்பதாம் வகுப்பு. இரட்டைப் பின்னல், நல்ல கணீரென்ற குரல். உறுதிமொழியை முன்னால் நின்று சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான். கையில் ஒரு மூங்கில் குச்சி. ஒவ்வொன்றாக அதன் தலையில் குச்சியால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நான் தலையாட்டிக்கொண்டே வரிசையின் கடைசியைப் பார்த்தேன். கடைசியில் ஒரு தட்டத்தில், மணலுக்கு மேல், மற்றவற்றை விடச் சிறியதாக ஒன்று இருந்தது. அதற்குத் தீந்தையின் மினுமினுப்பு இல்லை. ஓரத்தில் காய்ந்த மண் ஒட்டியிருந்தது. அந்த மண்ணில் ஒரு புல்லின் வேர், தலைமயிர் மாதிரி, அப்படியே இருந்தது.

களிமண்ணில் செய்த பொருளில் வேர் எங்கிருந்து வரும்?

மாதாவே என்று மனதுக்குள் கூப்பிட்டேன். என் வாழ்நாளில் எத்தனையோ வெடிகளுக்கு முன்னால் முழங்காலில் இருந்திருக்கிறேன். அப்போதெல்லாம் என் உடம்பில் கவசம் இருந்தது, பக்கத்தில் வேறு ஒருவரும் இல்லை. இப்போது என் கழுத்தில் பூமாலை. என்னைச் சுற்றிப் பிள்ளைகள். வாங்கு வேறு ஒரு கால் கட்டையாகி, யாராவது இடித்தால் ஆடியது. "ஐயோ, இது உண்மையானது" என்று நான் கத்தியிருந்தால் அந்தப் பிள்ளைகள் எந்தப் பக்கம் பாய்ந்திருப்பார்கள்? தம்பிமாரே, பயிற்சியில் இதற்கு ஒரு பாடமும் இல்லை.

தர்சிகா கடைசிக்கு முந்தியதில் குச்சியால் தட்டினாள். குச்சி அடுத்ததற்குத் திரும்பியது. நான் கையை நீட்டி அந்தக் குச்சியின் நுனியைப் பிடித்தேன்.

"பிள்ளை, இதை ஒருக்கா என்னட்டத் தாங்கோ."

"இன்னும் ஒண்டு இருக்கு அன்ரி. அதுதான் முக்கியமானது."

"ஓம், அது கடைசியாப் பாப்பம். முதல் உறுதிமொழியை எடுத்திடுவம். இதுக்குள்ள வேண்டாம். வழமையா நிக்கிற மாதிரி மைதானத்தில, அந்த மாமரத்துக்கு அங்கால வரிசையா நிண்டு எடுப்பம். வாசலடியில நிக்கிற ஆக்கள் முதல் நடவுங்கோ. ஆரும் ஓடக்கூடாது."

பின்னால் நின்ற ஒருவன், "அன்ரி, வெளியில வெயில் கொளுத்துது. இதுக்குள்ளயே எடுப்பமே" என்றான்.

ஜெனிற்றா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். என்னவென்று அவளுக்குத் தெரியாது, ஆனால் ஏதோ ஒன்று என்று விளங்கிவிட்டது. "வெயிலுக்குக் கரைய நீர் என்ன ஐஸ்பழமோ? நடவும்" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்தபடியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். உறுதிமொழி என்றால் வரிசையில் நிற்க வேண்டும் என்பது அவர்கள் காலுக்கே பழகியிருந்தது. நான் மேசைக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றேன். கடைசிப் பிள்ளையின் முதுகு வாசலைத் தாண்டும் வரைக்கும் அங்கிருந்து நகரவில்லை. மனதுக்குள் "அருள் நிறைந்த மரியே" பாதியில் நின்று நின்று திரும்பத் தொடங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து, அதிர்வு வேண்டாமென்று கதவைச் சாத்தாமல் அப்படியே விட்டு, எங்கள் முகாமுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த நேரம் மாமரத்துக்கு அப்பால் இருந்து சத்தம் வந்தது. தர்சிகா சொல்ல, எல்லோரும் சொன்னார்கள்.

"இனந்தெரியாத பொருளைத் தொடமாட்டேன். கண்டால் உடனே அறிவிப்பேன்."

கணீரென்ற அதே குரல். நான் தொலைபேசியைக் காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த வசனங்களை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது நாங்கள்தான்.

அதிபரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், தன் சம்பளத்தில் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுப்பவர். படியில் அப்படியே இருந்துவிட்டார். பிறகு எழும்பினார். எழும்பிய வேகத்தில் தர்சிகாவிடம் போய்க் கையை ஓங்கினார். நான் குறுக்கே போனேன்.

"சேர், அடிக்காதேங்கோ."

"எத்தினை பிள்ளையளின்ர உயிர் அக்கா. விடுங்கோ."

"தெரியும் சேர். இப்ப அடிச்சியள் எண்டா மிச்சத்தைச் சொல்லமாட்டா. மிச்சம் என்னெண்டு எனக்குத் தெரியவேணும்."

அவர் கை இறங்கியது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நான் தர்சிகாவைப் பக்கத்தில் இருத்தினேன். அவளுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. பரிசு போய்விடுமோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியில இருக்கிறதை ஆர் செய்தது பிள்ளை?"

"அது செய்யேல்ல அன்ரி. அது உண்மையானது."

"எங்க எடுத்தனீங்கள்?"

"எங்கட வளவுப் பின்பக்கத்தில. வெள்ளம் வந்து வாய்க்கால் கரை அரிச்சதில வெளியில வந்தது."

"தொடக்கூடாதெண்டு படிச்சனீங்கள்தானே?"

"நான் தொடேல்ல அன்ரி." அவள் குரலில் ஒரு ரோசம். "மண்வெட்டியாலதான் அள்ளினனான். மண்ணோடதான் தட்டத்தில வைச்சனான். ஒரு விரல்கூடப் படேல்ல."

"இஞ்ச எப்பிடிக் கொண்டுவந்தனீங்கள்?"

"சைக்கிள் கூடையில. குலுங்காமல் கீழ அம்மான்ர பழஞ்சேலையை மடிச்சு வைச்சனான்."

கிரவல் வீதி. குழியும் கல்லும். எங்கள் வாகனமே அந்த வீதியில் துள்ளித் துள்ளித்தான் வந்தது. முன் கூடையில் அதை வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளை, வெள்ளைச் சட்டையோடு, மணியடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஜெனிற்றா வாயைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள்.

"ஏனம்மா கொண்டுவந்தனீங்கள்?"

"மற்றப் பள்ளிக்கூடங்களில மண்ணில செய்துதான் வைப்பினம். உண்மையானதைப் பாத்தாத்தானே எல்லாருக்கும் நல்லா விளங்கும். எங்களுக்கு முதலிடமும் வரும்."

அவள் கெட்ட பிள்ளை இல்லை. தன் பள்ளிக்கூடம் முன்னுக்கு வரவேண்டும், மற்றப் பிள்ளைகள் தப்ப வேண்டும் என்று நினைத்தவள். உறுதிமொழியில் உள்ள சொல் ஒன்றையும் மீறியதாக அவள் நினைக்கவில்லை. தொடமாட்டேன் என்றாள், தொடவில்லை. அறிவிப்பேன் என்றாள், எங்களுக்கே கொண்டுவந்து காட்டினாள். ஏன் தொடக்கூடாது என்பதை நாங்கள் அவளிடம் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. சொல்லச் சொன்னோம், சொன்னாள், கைதட்டினோம்.

"வீட்டில ஆருக்கும் தெரியுமோ?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவள் முதன்முதலாகத் தலையைக் குனிந்தாள். அவள் சட்டை நுனியைச் சுருட்டினாள்.

"இதை எடுத்தது தெரியாது. மற்றது அம்மாவுக்குத் தெரியும்."

"மற்றதோ?"

"மற்றது அங்கதான் கிடக்கு. தம்பி போய்த் தொட்டிடுவான் எண்டு அம்மா கடகத்தால மூடி, மேல கல்லு வைச்சிருக்கிறா."

நான் அதிபரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு அடி விழுந்திருந்தால் இந்த ஒரு சொல் வந்திராது.

எங்கள் ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்ததும், அதை அவர்களிடம் விட்டுவிட்டு நானும் ஜெனிற்றாவும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். வேலிப் படலையடியில் நின்று பார்த்தால் பின் வளவு தெரிந்தது. முழுக்கக் கச்சான் கடலை போட்டிருந்தார்கள். வாய்க்கால் ஓரத்தில் ஒரு பனையோலைக் கடகம் கவிழ்ந்து கிடந்தது, மேலே கல்லு. அதற்குக் கொஞ்சம் தள்ளி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தாய் கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் நிமிர்ந்தாள். எங்கள் உடுப்பைக் கண்டதும் அவள் முகம் இறுகியது.

"தங்கச்சி, நிண்ட இடத்திலயே நில்லுங்கோ. ஒண்டும் பிடுங்காதேங்கோ."

"ஏன்? என்ர காணியில நான் நிக்கக்கூடாதோ?"

"கடகத்துக்குக் கீழ என்ன கிடக்குதெண்டு பிள்ளை சொல்லிப்போட்டா."

அவள் மகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னிடம், "அது செத்தது அக்கா. எத்தினை மாரி ஊறிக் கிடந்தது. இனி அது என்ன வெடிக்கிறது" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே வெடித்தாள். "சொன்னா என்ன செய்வியள்? சிவப்புக் கட்டை அடிப்பியள். நாடா கட்டுவியள். அடுத்த மாரி வரைக்கும் ஒருத்தரும் கால் வைக்கக்கூடாதெண்டுவியள். இந்தக் கச்சானை நம்பித்தான் இதுகள் ரெண்டும் சாப்பிடுதுகள். அதாலதான் சொல்லேல்ல."

நாங்கள் உயிரைக் காக்க அடிக்கிற சிவப்புக் கட்டைதான் அவளுக்கு மிதிவெடியை விடப் பயமாக இருந்திருக்கிறது. அது எனக்கு அன்றுவரை தெரியாது. எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

அவளை இழுத்துக்கொண்டு வர எனக்கு அதிகாரம் இல்லை. நான் பொலிஸ் இல்லை. அவளாக வந்தால்தான் உண்டு. ஒரு நல்ல பொய் சொல்லி வெளியே எடுக்கலாமா என்றும் ஒரு கணம் நினைத்தேன். அடுத்த முறை ஒரு வெடியைக் கண்டால் அவள் எங்களிடம் வருவாளா என்று நினைத்தபோது அந்தப் பொய்யை விட்டுவிட்டேன்.

"ஓம் தங்கச்சி. கட்டை அடிப்பம். கச்சான் போகும். உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன்."

"அப்ப வந்து என்னைப் பிடிச்சுக்கொண்டு போங்கோவன்."

"நான் உள்ளுக்கு வரமாட்டன். எனக்கு வீட்டில பிள்ளையள் இருக்குதுகள்."

அவள் ஒருமாதிரி என்னைப் பார்த்தாள். "இவ்வளவு காலம் இந்த வேலை செய்யிறியள். உங்களுக்குமோ பயம்?"

"இந்த வேலை செய்யிறபடியாத்தான் பயம்."

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அவ்வளவு நாளும் அந்த மண்ணில் நடந்தவள், அப்போதுதான் அதைப் புதிதாகக் காண்பவள் போலக் கண்டாள்.

"அக்கா, இனி எப்பிடி வாறது?"

"உங்கட காலடி மண்ணில பதிஞ்சு கிடக்கு. அதுக்கு மேலயே காலை வைச்சு வாங்கோ. அவசரம் இல்லை. நான் இதிலதான் நிக்கிறன்."

தர்சிகா என் கையைப் பிடித்திருந்தாள். தாய் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தன் அடியிலேயே வைத்து வந்ததை அவள் வாயைத் திறந்தபடி பார்த்தாள். "ஏன்" என்பது அந்தப் பிள்ளைக்கு அங்கேதான் விளங்கியிருக்க வேண்டும். அவளுடைய நகம் என் தோலுக்குள் இறங்கியது. தாய் படலைக்கு வந்து சேர்ந்ததும் மகளுக்கு அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் மகளின் பின்னலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

நாங்கள் அங்கேயே இருந்தபோது பள்ளிக்கூடத்துக்கு அப்பால் வெட்டவெளியிலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. எங்கள் ஆட்கள் தட்டத்தில் இருந்ததைக் கொண்டுபோய் வெடிக்க வைத்திருந்தார்கள். கூரையில் இருந்த காகங்கள் எல்லாம் எழும்பின. எத்தனை மாரி ஊறினாலும் அது சாகவில்லை.

தாய் எனக்கு மட்டும் கேட்கும் குரலில், "பக்கத்து வளவிலயும் ஒண்டு கிடக்கக்கா. நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லிப்போடவில்லை. வெடிச்சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி தானாகவே வந்தாள். கிணற்றடியில் ஒன்று என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி. ஒருவர் மற்றவரைப் பாராமல் வந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோரும் ஊரில் நாங்கள் வைத்த பாதுகாப்புக் கூட்டங்களுக்கு வந்து, கையை நீட்டி, உடனே அறிவிப்பேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள். பொய்யர்கள் இல்லை. கடவுளுக்குப் பயந்த, மற்றவன் பொருளுக்கு ஆசைப்படாத சனம். ஆனால் முதலில் சொல்பவரின் காணிதான் போகும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்திருக்கிறார்கள்.

அந்தக் கச்சானுக்கு என்ன செய்யலாம் என்று நாங்கள் பிறகு அலுவலகங்களில் கேட்டோம், சண்டையும் பிடித்தோம். கொஞ்சம் கிடைத்தது, போதுமானது கிடைக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். பாதுகாப்பு விதியைப் பின்பற்று என்று சனத்திடம் கேட்பதற்கு முன், பின்பற்றினால் அவர்களிடமிருந்து எது போகும் என்று கேளுங்கள். பிள்ளைகளிடம் உறுதிமொழியைச் சொல்லச் சொல்லிக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். இதைக் கண்டால் என்ன செய்வாய், ஏன் அப்படிச் செய்வாய் என்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு காத்திருங்கள். வருகிற பதில் உங்களைத் திடுக்கிட வைக்கும். திடுக்கிட்டதை முகத்தில் காட்டாதீர்கள்.

அன்று பொழுதுபட, நாங்கள் புறப்பட ஆயத்தமாகும்போது ஊர்ச் சங்கத் தலைவர் வந்தார். கூட்டங்களில் ஒலிவாங்கியைப் பிடித்து ஊருக்கே உறுதிமொழி சொல்லிக் கொடுப்பவர் அவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. வாகனத்தின் பக்கத்தில் வந்து, தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"தங்கச்சி, என்ர மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால..." என்றவர் நிறுத்தினார். "வீடு கட்ட மண் வெட்டேக்க கண்டது. அதுக்கு மேல வைக்கோலைப் போட்டு வைச்சிருக்கிறன்."

ஜெனிற்றா என் கையைக் கிள்ளினாள். எனக்கும் நாக்கு நுனிவரைக்கும் ஏச்சு வந்துவிட்டது. ஆண்டவர் அதை அங்கேயே நிறுத்தினார். வாகனத்திலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"நல்லது ஐயா, வந்து சொன்னது. முதல் இதைக் குடியுங்கோ. வேற எங்கயும் கண்டனீங்களோ?"

அவர் குடித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வீதியோரத்தில் கிடந்த கல்லில் மெல்ல இருந்து, ஒவ்வொரு இடமாகச் சொல்லத் தொடங்கினார்.